பூப்போட்ட வயிறு

"குத்து, குத்து, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார் சிஸ்டர். மறுமுனையில் அவர் மகள். எதிரே ஒரு நர்ஸ், கையில் ஊசியோடு குனிந்து சிஸ்டரின் வயிற்றைத் தடவித் தேடிக்கொண்டிருக்கிறாள். "வெள்ளைத் துணியையும் கலர் துணியையும் ஒண்ணாப் போடாதேனு எத்தனை தடவை சொல்றது?" இது மகளுக்கு. "விளிம்பு தட்டுப்பட்டுதா? அப்ப நட்ட நடுவுல இறக்கு." இது நர்ஸுக்கு. ஊசி இறங்குகிறது. "போனா போகுது விடு, அப்பா சட்டைதானே" என்று பேச்சு தொடர்கிறது. லிஃப்டுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள், வயிற்றில் ஊசி செருகிய நிலையில் ஒரு பெண்மணி சலவை பற்றிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, லிஃப்டே வேண்டாமென்று படியேறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

வயிறு அவருடையது அல்ல. நர்ஸ்கள் ஊசி குத்திப் பழகுவதற்காக மெத்தைப் பஞ்சை வெட்டி, மேலே துணி போர்த்தி, நான்கு நாடா வைத்துத் தைத்த பொய் வயிறு. சீருடைக்கு மேல் கட்டிக்கொண்டுதான் வார்டு வார்டாகப் போகிறார், சாப்பிடுகிறார், ஆட்களைத் திட்டுகிறார். அவருடைய கணவர் சோபா தைப்பவர். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சோபாத் துணியில் தைத்துக் கொடுத்ததால் வயிறு முழுக்கப் பழுப்புப் பின்னணியில் பெரிய பெரிய சிவப்புப் பூ. "ஊர்ல எல்லாரும் சோபாவுல உக்காருவாங்க, நீ ஒருத்திதான் சோபாவை மாட்டிக்கிட்டுத் திரியுறே" என்று அவர் அலுத்துக்கொள்வாராம். சிஸ்டருக்கு வயது ஐம்பதைத் தாண்டி நாளாயிற்று. அப்படியிருந்தும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். மறுக்காமல் உட்கார்ந்துகொண்டாராம். "காலு வலிச்சுது. அவருகிட்ட எதுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு?"

பஞ்சுக்குள்ளே புதைந்திருப்பது ஒரு வட்ட உலோக டப்பா. ஷூ பாலிஷ் டப்பா அளவு, அதைவிடக் கொஞ்சம் தடிமன். அசலை மனிதனின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சேர்ந்திருக்கும். டப்பாவில் புற்றுநோய் மருந்தை நிரப்பினால், அது இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகக் கல்லீரலுக்கு மட்டும் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோல் வழியாக ஊசி இறக்கி மறுபடி நிரப்ப வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் இப்படியொரு வைத்தியத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்புதான் சிஸ்டருடையது. அவரை எல்லாரும் பம்பு சிஸ்டர் என்கிறார்கள். அவரும் போனை எடுத்தால் "பம்பு சிஸ்டர் பேசுறேன்" என்றுதான் சொல்கிறார்.

எனக்கு அவரைத் தெரியவந்தது என் அக்கா வீட்டுக்காரரால். அத்தானுக்குக் குடலில் வந்ததை வெட்டி எடுத்தாயிற்று என்று நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, அது கல்லீரலில் போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அத்தான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. கல்யாண போட்டோவில்கூட லைசென்சுக்குப் படம் பிடிக்க வந்தவர் போலத்தான் நிற்கிறார். நோய் வந்த பிறகு அந்தக் கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது. அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.

முதல் நாள் சிஸ்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "ஒரு வீட்டுல தீப்புடிச்சா தெரு முழுக்கத் தண்ணி அடிப்பீங்களா? பத்துன வீட்டுக்குத்தானே அடிப்பீங்க? அதேதான்." அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேட்டரி எவ்வளவு நாள் வரும்?" சிஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர் அவர். "பேட்டரியே கிடையாதுண்ணே! வயர் கிடையாது, மோட்டார் கிடையாது. உள்ள ஒரு வாயு இருக்கு, உங்க உடம்புச் சூட்டுல அது விரிஞ்சு மருந்தைத் தள்ளும். நீங்கதான் கரண்டு." அத்தான் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். காய்ச்சல் வந்தால் மருந்து வேகமாக இறங்கும், உடனே போன் போட வேண்டும் என்றும் சிஸ்டர் சொன்னார். அக்கா அதைச் சிரமேற்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் எதற்கெடுத்தாலும் போன் போட்டாள். ஒருநாள் நான் பக்கத்திலிருந்தேன். "கோவம் வந்தா சூடு ஏறுமா சிஸ்டர்? பேசாத மனுஷன், இன்னிக்குக் காலைலேருந்து கத்திக்கிட்டே இருக்காரு." மறுமுனையின் பதில் எனக்கே கேட்டது. "அது வாய்ச்சூடும்மா, உடம்புச்சூடு இல்ல. கத்தட்டும், நல்லதுதான்."

இந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்த கதையை ஆஸ்பத்திரி மருந்தாளுநர் எனக்குச் சொன்னார். அறுவை சிகிச்சை டாக்டர் எங்கேயோ போய் இதைக் கற்றுக்கொண்டு வந்து, நாமும் தொடங்கலாம் என்றார். கூட்டம் போட்டார்கள். டாக்டர், ஸ்கேன்காரர், மருந்துக்காரர், நர்ஸ்கள் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்க ஓர் ஆள் வேண்டும், யார் என்று கேட்டார் ஆஸ்பத்திரித் தலைவர். எல்லாரும் மேஜையின் அழகைப் பார்க்கத் தொடங்கினார்கள். "இன்னிக்கு யார் வரலை?" என்று கேட்டார் தலைவர். வராதவர் சிஸ்டர். பல் பிடுங்கப் போயிருந்தார். மறுநாள் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்தவரிடம், "நீங்க எடுத்துக்கிறீங்கல்ல?" என்று தலைவர் கேட்க, "ம்ம்ங்!" என்று இவர் அலறியிருக்கிறார். "பஞ்சைத் துப்பிட்டு முடியாதுனு சொல்றதுக்குள்ள கைதட்டிட்டாங்க" என்கிறார் சிஸ்டர். "கைதட்டினப்புறம் என்னத்தைச் சொல்றது?"

வேண்டாவெறுப்பாக எடுத்த வேலையென்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு சொல் ஆகாது: பாத்துக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் இல்லாமல் யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. ஸ்கேன் எப்போது என்றால் பாத்துக்கலாம், ஊசி வந்துவிட்டதா என்றால் பாத்துக்கலாம். சிஸ்டர் அப்படியே நின்றுவிடுவார். "யாரு பாக்குறது? என்னிக்குப் பாக்குறது? எந்தக் கண்ணால பாக்குறது? சொல்லுங்க, நிக்கிறேன்." பூப்போட்ட வயிற்றோடு வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றால் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? ஸ்கேன்காரர் தேதி சொல்லிவிட்டுத்தான் வெளியே போக முடிந்தது. அன்றிலிருந்து அவர் சிஸ்டரைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போகிறார் என்று கேள்வி.

பணம் ஒதுக்கும் கூட்டத்தில் நடந்ததை மருந்தாளுநர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். தலைவருக்கு டப்பா வேலை செய்வதைக் காட்ட வேண்டும். சிவப்புத் தண்ணீர் நிரப்பி, குழாயைக் கண்ணாடித் தம்ளருக்குள் விட்டு, மேஜை நடுவில் வைத்தார்கள். கூட்ட அறையில் ஏசி அப்படி ஒரு குளிர். டப்பா ஜில்லென்று கிடந்தது. ஒன்றும் வரவில்லை. "வேலை செய்யலையே?" என்றார் தலைவர். சிஸ்டர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பருமனான கணக்கு அதிகாரியிடம் போய், "சார், கொஞ்சம் கோட்டைத் தூக்குங்க" என்றார். மனிதர் என்ன ஏதென்று கேட்பதற்குள் டப்பா அவர் கோட்டுக்குள், சட்டைக்கு மேல், தொப்பையோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. "ரெண்டு கையாலயும் அணைச்சுக்கோங்க, ஆடாதீங்க." கூட்டம் முழுக்க அவர் அடைக்கோழி மாதிரி அசையாமல் இருந்தார். பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்த நேரத்தில் குழாய் நுனியில் சிவப்பாக ஒரு துளி திரண்டு, தயங்கி, தம்ளரில் விழுந்தது. ஒரே ஒரு துளி. ஒரு நாளைக்கே இருபது, முப்பது சொட்டுத்தான் அதற்குக் கணக்கு. ஆனால் கணக்கு அதிகாரியின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "நான்தான், நான்தான்" என்று எழுந்து நின்றுவிட்டாராம். சொந்தமாக முட்டையிட்டவன் எப்படி மறுப்பான்? பணம் அன்றைக்கே ஒதுக்கியாயிற்று. ஆனால் தலைவர் ஒரு கொக்கி போட்டுவைத்தார்: முதல் ஆளுக்குச் சரியாக வந்தால் மேலே தொடரலாம், இல்லையென்றால் மூடிவிடலாம்.

அந்த முதல் ஆள்தான் அத்தான். டப்பாவை வைத்துத் தைத்து, குழாய் அடைக்காமலிருக்க ஒரு மருந்தில்லாத் திரவத்தை மயக்கத்திலேயே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். புண் ஆறி, இரண்டு வாரம் ஆகி, அசல் மருந்தை முதன்முதலாக நிரப்பும் நாள் வந்தது. கல்யாண வீடு தோற்றது போங்கள். டாக்டர்கள் இரண்டு பேர், மருந்தாளுநர், பின்வாசல் ஸ்கேன்காரர், தலைவர், தலைவரைப் படம் பிடிக்க ஒருவர், தன் முட்டையின் கதி என்னவென்று பார்க்க வந்த கணக்கு அதிகாரி. அத்தான் சட்டையைத் திறந்துபோட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் தான் செய்யவில்லை. "நான் செஞ்சா நான் மட்டும்தான் செய்வேன். அவங்க செஞ்சாத்தான் இது நிலைக்கும்" என்று தன் பொய் வயிற்றில் பழகிய நர்ஸை முன்னால் விட்டார். கண்ணாடி போட்ட, கை நடுங்காத பெண். அவள் குனிந்து, டப்பாவின் விளிம்பைத் தேடி விரல் நுனியை அத்தானின் விலாவுக்குக் கீழே வைத்தாள். அத்தான் மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளினார். "வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினார், உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு. மறுபடி விரல் பட்டது. குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே ஒரு உஸ், அது வந்தது. மூன்றாம் முறை மூடி தெறித்தது. "ஹிஹி... ஐயோ... வேணாம்மா... ஹிஹிஹி..." என்று காலை உதறிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார் என் அத்தான்!

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான், "அவருக்கு அங்க ரொம்பக் கூசும்" என்றாள் மெல்ல. எல்லாரும் அவள் பக்கம் திரும்பவும் முகம் சிவந்துபோய், "கல்யாணமான புதுசுல தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சிரிப்பு தொற்றுவியாதி. தலைவர் முதலில் இருமினார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்கு அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "துக்கமா ஏதாவது நெனைங்க" என்றார் ஸ்கேன்காரர். மனிதனுக்குக் கல்லீரலில் கட்டி, இதைவிட எந்தத் துக்கத்தை நினைப்பது? டாக்டர் என்னிடம், "நீங்க ஏதாவது சோகமாச் சொல்லுங்களேன்" என்றார். எனக்கென்ன தெரியும்? டிரைவிங் ஸ்கூல் வண்டியை ஒரு மாணவி நேராகக் குளத்துக்குள் விட்டது ஞாபகம் வந்தது, சொன்னேன். அத்தான் மூச்சு முட்டச் சிரித்தார். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆடுகிற வயிற்றில் ஊசி நடுவைவிட்டு விலகினால் மருந்து சதைக்குள் போய் அந்த இடத்தையே அரித்துவிடும். நிரப்பாமல் விட்டால் உள்ளே இருப்பது தீர்ந்து, குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் வயிற்றில் இருப்பது வெறும் டப்பா. இன்னொரு தடவை வயிற்றைத் திறக்கிற தெம்பு அத்தானுக்கு இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "மயக்கம் குடுத்துடலாமா?" என்றார் அதே டாக்டர். "ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் மயக்கமா? ஆளு தாங்குவாரா சார்?" என்றார் சிஸ்டர். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

சிஸ்டருக்கு வந்ததே கோபம். "எல்லாரும் வெளிய போங்க!" தலைவர், டாக்டர், கணக்கு அதிகாரி, படம் பிடிப்பவர் அத்தனை பேரும் வாத்துக்கூட்டம் மாதிரி வரிசையாக வெளியே போனார்கள். அக்காவும் நானும் நர்ஸும்தான் மிச்சம். சிஸ்டர் தன் பொய் வயிற்றை ஒரு தட்டு தட்டினார். "இதுக்குச் சிரிக்கத் தெரியாதே. குத்தினா குத்தினபடி கிடக்குமே. ஒரு ஆளு சிரிப்பான்னு எனக்கு ஏன் தோணாமப் போச்சு? ஏட்டுச் சுரைக்காயைத்தான் இத்தனை நாளா வெட்டிக்கிட்டு இருந்தேன்." நாடாவை அவிழ்த்து வயிற்றைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அது இல்லாமல் அவரைப் பார்த்தபோது ஒல்லியாக, களைத்துப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தார். எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, கத்துக்கிறவன் கையில வண்டியைக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கீங்களே, பயமா இருக்காது?"

அத்தான் மூச்சு வாங்கினார். "என்ன பயம்? என் காலுக்கடியிலதான் பிரேக் இருக்கே."

சிஸ்டர் அவர் காலை ஒருமுறை பார்த்தார். பிறகு, "உங்க கையாலயே டப்பாவைத் தொடுங்க" என்றார். தொட்டார். "கூசுதா?" "இல்ல." "யாராலயும் தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்ட முடியாதுண்ணே. சின்ன வயசுல எல்லாரும் செஞ்சு பார்த்திருப்போம்." நர்ஸின் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்து, அதன்மேல் அத்தானின் கையை வைத்து அழுத்தினார். அத்தானின் உடம்பு ஒருமுறை உதறி, அடங்கியது. "இனி அவ டிரைவர், நீங்க வாத்தியார். நீங்க நிறுத்துன்னா நிறுத்திடுவா. சொல்லிக்குடுங்க."

வயிற்றைத் துடைத்து, அத்தானுக்கும் ஒரு ஜோடி சுத்தமான கையுறை மாட்டிவிட்டார்கள். பல மாதமாக நான் கேட்காத குரல் ஒன்று கட்டிலிலிருந்து எழுந்தது. டிரைவிங் ஸ்கூல் குரல். "பதறாதம்மா. அவசரமே இல்ல. விளிம்பு கிடைச்சுதா? இன்னும் கொஞ்சம் இடது பக்கம். மெதுவா. பின்னாடி வர்றவனைப் பத்திக் கவலைப்படாத." நர்ஸின் விரல்கள் டப்பாவைச் சுற்றி நகர்ந்தன, அவர் கை அவற்றின் மேலேயே போனது. வயிறு ஆடவில்லை. "கண்ணாடியைப் பாத்தியா? பாத்துட்டு... நேரா... நேரா... ம், இறக்கு." ஊசி இறங்கியது. அத்தானின் வலதுகால் மட்டும் கட்டிலை ஓர் அமுக்கு அமுக்கியது.

"இழுக்காத" என்றார் சிஸ்டர் நர்ஸிடம். "சரியான இடத்துல இருந்தா அதுவா வரும்." நாங்கள் எல்லாரும் ஊசிக்குழலையே பார்த்தோம். ஒன்றும் இல்லை. அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு, யாரும் தொடாமலே, ஊசிக்குழலின் தண்டு மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. உள்ளே மிச்சமிருந்த திரவம் தெளிவாக ஏறி வந்தது. அத்தானின் சூட்டில், அத்தானின் உடம்பே தள்ளிவிட்டது. இந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்று இத்தனை நாளில் எனக்குள்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை, பயம். அப்போதுதான் சொல்லிக்கொண்டேன். மருந்தை நர்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினாள். "நல்லா ஓட்டுற" என்றார் அத்தான் அவளிடம். அவரிடம் அந்தப் பாராட்டை வாங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து ஒட்டினார்கள். கதவுக் கண்ணாடியில் நான்கைந்து மூக்குகள் நசுங்கித் தெரிந்தன. சிஸ்டர் அவற்றைப் பார்த்து ஆயிற்று என்று தலையசைக்கவும், வெளியே கணக்கு அதிகாரியின் குரல் உரக்கக் கேட்டது. அத்தான் எழுந்து உட்கார்ந்து, பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட ஆரம்பித்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதானே சிஸ்டர்?"

"அவ்வளவுதாண்ணே" என்றார் சிஸ்டர். கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, பஞ்சு ஒட்டாத பக்கமாக, அத்தானின் விலாவில் ஒரு குத்து குத்தினார்.